பின்னணி நில அதிர்வுத் தரவைக் கையாள்வது எப்படி? கடலூர், புதுச்சேரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வருடா வருடம் தை பிறந்ததும் முதுகலை மாணவர்கள் புராஜெக்ட் என்று வந்து நிற்பார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அதிர்வுமானி நாள் முழுக்க ஓடுகிறது என்பது புதுச்சேரி வரைக்கும் தெரிந்துபோன செய்தி. வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாய் வலிக்கச் சொல்வதைவிட ஒருதரம் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நிலநடுக்கம் இல்லாத நேரத்தில் தரை போடும் ஓயாத சலசலப்பை வைத்து நிலத்தடியைப் பற்றித் தெரிந்துகொள்வதுதான் விஷயம். சூத்திரங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. எங்கே கை வழுக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிலநடுக்கமே இல்லாதபோது கருவி எதைப் பதிவு செய்கிறது?

1 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் நம்மைத்தான்: பஸ், லாரி, ரயில், மோட்டார், பக்கத்து மனையில் நடக்கும் கட்டட வேலை. அதற்குக் கீழே கடல். 10 முதல் 20 நொடி அலைவுக்காலத்தில் (ஒருமுறை ஏறி இறங்க ஆகும் நேரம்) அதிர்வின் வலு ஒரு சிறிய மேடாகத் தெரியும். கரையோரத்தில் ஆழம் குறைந்த இடத்தில் கடல் அலை நேரடியாகத் தரையை அழுத்துவதால் வருவது அது. 3 முதல் 10 நொடிக்குள் அதைவிடப் பெரிய மேடு ஒன்று இருக்கும். கடலை விட்டு எவ்வளவு தள்ளிப் போய்க் கருவியை வைத்தாலும் இந்த இரண்டாவது மேடு விடாது.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் 12 நொடிக்கு ஒரு அலை என்று எண்ணினேன். பதிவில் 6 நொடி வருகிறது. எங்கே தப்பு?

தப்பே இல்லை, சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். ஒரே அலைவுக்காலம் உள்ள இரண்டு அலைகள் எதிரெதிராக வந்து சந்தித்தால், தண்ணீர் ஒரு சுற்று ஏறி இறங்குவதற்குள் கடலடி இரண்டு முறை அழுத்தப்படுகிறது. சாதாரண அலையின் அழுத்தம் ஆழம் போகப்போகத் தேய்ந்துவிடும். இந்த இரட்டிப்பு அழுத்தம் தேயாமல் அடிவரை இறங்கும். இதை 1950இல் கணக்குப் போட்டு விளக்கியவர் லாங்கெட்-ஹிக்கின்ஸ். கரையில் மோதித் திரும்பும் அலையும் அடுத்து வரும் அலையும் சந்தித்தாலே போதும். நடுக்கடலில் புயல் இடம் மாறும்போதும் இதேதான் நடக்கிறது. அதனால்தான் 2011 டிசம்பர் 30 அன்று நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே மாதிரிப் புயல்களை, மழை தொடங்கும் முன்பே அதிர்வுப் பதிவு காட்டிக்கொடுத்துவிடும்.

இரைச்சல் என்றால் நீக்க வேண்டியதுதானே? அதை வைத்து என்ன செய்ய முடியும்?

ஒரு நிலையத்தில் மட்டும் பார்த்தால் அது வெறும் இரைச்சல்தான். இரண்டு நிலையங்களின் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எந்த நகர்வில் அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் கிராஸ் கோரிலேஷன் எனப்படும் குறுக்கு ஒப்பீடு. முதல் நிலையத்தைத் தாண்டி வந்த அலை சற்று நேரம் கழித்து இரண்டாவதையும் தாண்டுகிறது. எத்தனை நொடி கழித்து என்பது அந்த ஒப்பீட்டில் ஒரு முகடாகத் தெரியும். ஒரு நிமிடப் பதிவில் ஒன்றும் தெரியாது. இப்படி எடுத்த ஒப்பீடுகளை மாதக்கணக்கில் ஒன்றோடொன்று கூட்டி அடுக்கினால், ஒரு நிலையத்தில் தரையை ஓங்கித் தட்டினால் இன்னொன்றில் என்ன பதிவாகுமோ, ஏறக்குறைய அதுவே கையில் வந்துவிடுகிறது. கிரீன் சார்பு என்பது அதைத்தான். யாரும் தட்டவில்லை, வெடிக்கவும் இல்லை.

யோசனை பழையது. அகி 1957இலேயே சிறிய கருவி அணிகளில் பின்னணி அலைகளை ஒப்பிட்டு வேகம் கண்டார். 1968இல் கிளேர்பவுட் இதே திசையில் ஒரு தேற்றம் நிறுவினார். 2001இல் வீவரும் லாப்கிஸும் அலுமினியக் கட்டி ஒன்றின் வெப்பத்தால் எழும் நுண்ணதிர்விலிருந்தே இதை எடுத்துக் காட்டினார்கள். 2005இல் ஷப்பீரோவும் உடன் உழைத்தவர்களும் கலிஃபோர்னியாவின் நிலத்தடிப் படத்தை இரைச்சலை மட்டும் வைத்து வரைந்த பிறகுதான் உலகமே இதன் பக்கம் திரும்பியது.

சார், என்னிடம் கருவி இல்லை. தரவு எங்கே கிடைக்கும்?

இலவசமாகவே கிடைக்கும். உலக வலையமைப்புகளின் பதிவுகள் திறந்த தரவு மையங்களில் இருக்கின்றன. ஐதராபாத்தில் ஜியோஸ்கோப் வலையமைப்பின் எச்ஒய்பி நிலையமும், இலங்கையில் கண்டிக்கு அருகே பல்லேகலையில் உலக வலையமைப்பின் பிஏஎல்கே நிலையமும் உண்டு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இரண்டையும் இணைத்துப் பாருங்கள். கோடு கடலூரை ஒட்டியே போகும்! முதல் பயிற்சிக்கு நான் எல்லோருக்கும் கொடுப்பது இந்த ஜோடியைத்தான். 20 நொடி அலைவுக்காலத்தில் பரப்பலை (நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் அலை) நொடிக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடும் என்று வைத்தால், ஆறு நிமிடத்தை ஒட்டி முகடு வர வேண்டும். ஒன்றரை நிமிடத்தில் வந்தால் உங்கள் நிரலில் பிழை இருக்கிறது.

பதிவை இறக்கிவிட்டேன். முதல் வேலை என்ன?

பார்ப்பது. நிரலை ஓட்டாதீர்கள், முதலில் ஒரு நாள் பதிவைத் திரையில் விரித்துப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைச் செய்வதில்லை. ஓராண்டுத் தரவை அப்படியே குழாயில் ஊற்றிவிட்டு, மறுமுனையில் குப்பை வந்ததும் என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

என் வீட்டுப் பதிவையே சொல்கிறேன். விடியற்காலை நாலு மணிக்குக் கோடு மெலிந்து கிடக்கும். ஐந்தரைக்குச் சம்ப் மோட்டார்: திடீரென்று தடிமனாகி, இருபது நிமிடம் கழித்துக் கத்தியால் வெட்டினாற்போல் நிற்கும். ஏழு மணிக்கு மேல் சாலை எழுந்துவிடும், இரவு பத்து வரை அடங்காது. ஞாயிற்றுக்கிழமை வேறு முகம். மாசி மகத்தன்று சாமிகளெல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி போகும்போது பகல் முழுக்க வேறொரு ஊரின் பதிவு மாதிரி இருக்கும். இதையெல்லாம் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், எந்த நேரத்தை வைத்துக்கொள்வது, எந்த அதிர்வெண் பட்டையை விட்டுவிடுவது என்று நீங்களே முடிவு செய்வீர்கள்.

கண்ணுக்கு அடுத்தது நிறமாலை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று காட்டும் படம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் திறன் நிறமாலை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே படத்தில் நிகழ்தகவாக வரைவது மெக்நமாராவும் பியூலண்டும் 2004இல் கொடுத்த முறை. பீட்டர்சன் 1993இல் வரைந்த குறைந்த இரைச்சல், அதிக இரைச்சல் கோடுகளை அதே படத்தில் போட்டுப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே உங்கள் பதிவு போனால் பூமி அமைதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, கருவி செத்திருக்கிறது அல்லது கருவியின் திருத்த எண் தப்பு.

சராசரி நீக்கம், சாய்வு நீக்கம், கருவித் திருத்தம் எல்லாம் கட்டாயமா?

முதல் இரண்டும் கட்டாயம். பதிவின் நடுக்கோட்டைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது, மெதுவான சாய்வை எடுத்துவிடுவது, ஒரு வரி வேலை. அதோடு வெட்டி எடுத்த பதிவுத் துண்டின் இரு முனைகளையும் மெல்லச் சுழியத்துக்கு இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் வெட்டிய முனையே ஒரு பொய்யான அதிர்வாக நிறமாலையில் உட்காரும்.

கருவி தரும் எண்ணை உண்மையான தரை அசைவாக மாற்றும் கருவித் திருத்தத்தில்தான் பலர் விழுகிறார்கள். கருவி உணராத நீண்ட அலைவுக்காலத்தில் திருத்தம் என்பது கிட்டத்தட்டச் சுழியத்தால் வகுப்பது. முன்கூட்டியே பட்டை வரம்பு கொடுக்காவிட்டால், பதிவு ஒரு பெரிய மெதுவான ஊஞ்சலாக மாறிவிடும். இரண்டு நிலையத்திலும் ஒரே மாடல் கருவி என்றால், ஒப்பீட்டில் கருவியின் கட்டப் பிழை (அலையைக் கருவி நேரத்தில் தள்ளிக் காட்டுவது) ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நேரத்தை மட்டும் பார்ப்பவர்கள் திருத்தாமலேகூடத் தப்பிக்கலாம். வேறு வேறு கருவி என்றால் அந்தச் சலுகை கிடையாது.

பதிவில் ஓட்டை இருந்தால்? சின்னதென்றால் சுழியம் போட்டு நிரப்புங்கள், விளிம்புகளை மழுங்கடியுங்கள். ஒரு மணி நேர ஓட்டையை நேர்கோட்டால் இணைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துண்டைத் தூக்கி எறிவதுதான் மரியாதை.

நொடிக்கு 100 மாதிரி (சாம்பிள்) என்று வருகிறது. கணினி திணறுகிறது.

திணறாமல் என்ன செய்யும்? ஒரு நாளைக்கு, ஒரு திசைக்கு மட்டும் 86,40,000 எண்கள். 5 நொடிக்கு மேற்பட்ட அலைவுக்காலம்தான் வேண்டும் என்றால் நொடிக்கு ஒரு மாதிரி போதும், 86,400 எண்கள். ஆனால் நூறில் ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொள்ளாதீர்கள். முதலில் 0.4 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை ஃபில்டர் போட்டு எடுத்துவிட்டுத்தான் குறைக்க வேண்டும். இல்லையென்றால் லாரியின் 8 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வு கடல் அலை வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

நேர இயல்பாக்கம் ஏன்? எந்த முறை நல்லது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நியாயமும்தான்.

ஒப்பீடு என்பது பெருக்கிக் கூட்டுவது. பெரிய வீச்சு உள்ளவன் பேச்சுதான் எடுபடும். 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் 9.1 அளவு நிலநடுக்கம். அந்த ஒரு நாளை அப்படியே சேர்த்து ஓராண்டை அடுக்கினால், கிடைப்பது ஓராண்டின் ஒப்பீடு இல்லை, அந்த ஒரு நாளின் ஒப்பீடு. மீதி நாள்களின் கடல் பேசியது காதில் விழாது. நில அதிர்வு வேண்டாம், கருவிக்குப் பக்கத்தில் ஒருவர் அரிசி மூட்டையை இறக்கினாலே அந்த மணி நேரம் முழுக்க அவர்தான்.

அதனால் சத்தம் போடுபவர்களின் குரலைக் குறைக்கிறோம், அதுதான் நேர இயல்பாக்கம். மிக முரட்டு வழி ஒற்றை பிட்: மதிப்பு நேர்மறையா, +1, எதிர்மறையா, −1. அவ்வளவுதான். நம்ப முடியாத அளவுக்கு வேலை செய்யும். ஆனால் வீச்சு என்ற தகவலே போய்விடும். அலை எவ்வளவு வலுவிழந்தது என்று பின்னால் கேட்க முடியாது.

நான் பயன்படுத்துவது நகரும் தனிமதிப்புச் சராசரி (கூட்டல் கழித்தல் குறியை விட்டு அளவை மட்டும் எடுப்பது தனிமதிப்பு). ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள சில நொடிகளின் தனிமதிப்புச் சராசரியால் வகுப்பது. பென்சனும் குழுவினரும் 2007இல் எழுதிய செயல்முறைக் கட்டுரை இதற்குக் கொடுக்கும் அளவுகோல், பட்டையின் மிக நீண்ட அலைவுக்காலத்தில் பாதி. 5 முதல் 50 நொடிப் பட்டை என்றால் சாளரம், அதாவது சராசரி எடுக்கும் நேர நீளம், 25 நொடி. சாளரத்தை ஒரே புள்ளியாகச் சுருக்கினால் அதுவே ஒற்றை பிட். மிக நீளமாக்கினால் இயல்பாக்காததற்குச் சமம். இரண்டுக்கும் நடுவே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் முடிவு. அதே கட்டுரையில் இன்னொரு நுணுக்கம் உண்டு: வகுக்கும் எண்ணை, நிலநடுக்கங்களின் பரப்பலை வலுவாக உள்ள 15 முதல் 50 நொடிப் பட்டையில் கணக்கிட்டு, அதை மூலப் பதிவின்மேல் போடுவது. உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் நிலநடுக்கம் ஓயாத பூமியில் இது நல்ல தந்திரம்.

தீபாவளி இரவு மாதிரி ஓரிரு நேரத்துக்கு? இயல்பாக்கம் என்று அலட்டிக்கொள்ளாமல் அந்தத் துண்டுகளையே விட்டுவிடுங்கள். தரவு ஏராளமாக இருக்கும்போது கருமித்தனம் தேவையில்லை.

வெண்மையாக்கல் என்பது?

நேரத்தில் செய்ததையே அதிர்வெண்ணில் செய்வது. கடலின் 6 நொடி மேடு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடாமல் நிறமாலையைத் தட்டையாக்குகிறோம். வேறு ஒன்றுக்கும் உதவும். கினி வளைகுடாவிலிருந்து 26 நொடி அலைவுக்காலத்தில் ஒரு விடாப்பிடியான அதிர்வு பல்லாண்டாக வந்துகொண்டே இருக்கிறது. வெண்மையாக்காத ஒப்பீட்டில் அது ஆப்பிரிக்காவிலிருந்து கை நீட்டும். பட்டைக்கு வெளியே உள்ளதையும் சேர்த்துத் தட்டையாக்காதீர்கள். கருவியின் சொந்த இரைச்சலைத் தூக்கி நிறுத்திவிடுவீர்கள்.

துண்டின் நீளம் எவ்வளவு? எத்தனை நொடி வரை நகர்த்திப் பார்க்கணும்?

ஒரு மணி நேரத் துண்டு, அடுத்தடுத்த துண்டுகள் பாதி ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். நகர்வுக்கு, தூரத்தை நீங்கள் எதிர்பார்க்கும் மிகக் குறைந்த வேகத்தால் வகுத்து, கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஐதராபாத், பல்லேகலை ஜோடிக்கு 1,000 நொடி தாராளம்.

ஒப்பீட்டில் ஒரு பக்கம்தான் முகடு வருகிறது. பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதே?

பாடப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வங்காள விரிகுடா இல்லை! பதிவை முன்னும் பின்னும் நகர்த்துவதால் ஒப்பீட்டுக்குச் சுழியத்தின் இரு பக்கமும் உண்டு. சமச்சீர் என்பது எல்லாத் திசையிலிருந்தும் சமமாக இரைச்சல் வந்தால் கிடைப்பது. நமக்குக் கிழக்கே கடல், மேற்கே நிலம்.

கடலூரில் ஒரு கருவி, அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் மேற்குப் பக்கமாக நெய்வேலியில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து வரும் அலை முதலில் கடலூரை, பிறகு நெய்வேலியைத் தாண்டும். ஒப்பீட்டில் அந்தத் திசைக்குரிய பக்கம் கொழுத்து நிற்கும், மறுபக்கம் வற்றிக் கிடக்கும். இது பிழையே இல்லை. முகடு இருக்கும் பக்கத்தை எடுத்துக்கொண்டு அளக்கலாம்.

உண்மையான ஆபத்து கடலூர், புதுச்சேரி ஜோடியில் இருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ வடக்குத் தெற்காக, கரையை ஒட்டி, சுமார் 20 கிலோமீட்டர் இடைவெளியில். நேர் கிழக்கிலிருந்து வரும் அலை இரண்டு ஊரையும் ஒரே நேரத்தில் தொடும். ஒப்பீட்டில் சுழியத்தை ஒட்டி ஒரு முகடு வரும். அதை நம்பி வேகம் கணக்கிட்டால் அது எக்கச்சக்கமாக எகிறி, நிலத்தடியில் வைரப்பாறை இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியது இணைப்புக் கோட்டின் நீட்சியில், அதாவது வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வரும் அலை. நம் கோடைக்காலத்திலும் அதையடுத்த சில மாதங்களிலும் தென்பெருங்கடலின் நீண்ட அலைகள் தெற்கிலிருந்து ஏறி வரும். கள்ளக்கடல் (உள்ளூரில் காற்று இல்லாமலே கடல் திடீரென்று பொங்குவது) எச்சரிக்கை விடுவது அந்த மாதிரி அலைகளுக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு விரிகுடாவே கொந்தளிக்கும். ஒரு பருவத்தை மட்டும் எடுத்தவர்களின் வேகமும் ஆண்டு முழுக்க எடுத்தவர்களின் வேகமும் ஒத்துப்போகாததற்குப் பாதிக் காரணம் இதுதான். மாதம் மாதமாகத் தனித்தனியே அடுக்கி, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வளர்கிறது என்று பாருங்கள். அதுவே ஒரு நல்ல புராஜெக்ட்.

எத்தனை நாள் அடுக்கினால் போதும்?

நாலு மடங்கு நாள்களுக்கு இரண்டு மடங்கு தெளிவு, வர்க்கமூலக் கணக்கு. 30 நாளில் தெரியாதது 40 நாளில் தெரிந்துவிடாது, 120 நாளாவது வேண்டும். கட்டம் ஒத்துப்போகும் இடங்களுக்கு மட்டும் எடை கொடுக்கும் அடுக்கல் முறையை ஷிம்மலும் பால்சனும் 1997இல் கொடுத்தார்கள். படம் பளிச்சென்று ஆகும், அலைவடிவம் கொஞ்சம் கோணும். நேரத்தை அளப்பதற்கு முன் சாதாரண அடுக்கலோடு ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிலத்தடி வேகம் நாளுக்கு நாள் மாறுவதைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

கண்டுபிடிக்கலாம். ஒப்பீட்டின் முகட்டுக்குப் பின்னால் இழுபட்டுவரும் வாலை எடுத்து, நீண்டகாலச் சராசரியோடு பொருந்தும்வரை நீட்டியோ சுருக்கியோ பார்ப்பது. ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம்கூடத் தெரியும். இந்தோனேசியாவில் மெராப்பி எரிமலையில் இப்படிக் கண்ட மாற்றம் நிலத்தடி நீர்மட்டத்தோடு போனது என்று 2006இல் காட்டினார்கள். மழையில் ஊறித் தவிக்கும் கெடிலம், தென்பெண்ணைப் படுகைக்கு இது ஆசை காட்டும் விஷயம்தான்.

அந்த ஆசையில் நான் பட்ட அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. வில்லியனூரில் நண்பர் வீட்டில் உள்ள கருவியையும் என் வீட்டுக் கருவியையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த சமயம். புயலுக்குப் பிறகு முகடு நாளுக்கு நாள் தள்ளிப்போனது. மழை நீர் இறங்கி மண்ணின் வேகம் குறைகிறது என்று குதித்தேன். படமெல்லாம் வரைந்து இரண்டு பேருக்கு அனுப்பியும் விட்டேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் எதிர்ப்பக்கத்து முகட்டைப் பார்த்தேன். வேகம் குறைந்தால் இரண்டு பக்க முகடும் சுழியத்திலிருந்து விலக வேண்டும். இங்கே இரண்டும் ஒரே திசையில் நகர்ந்திருந்தன. ஒன்று விலக, மற்றது நெருங்க. அது கடிகாரப் பிழையின் கையெழுத்து. மாடிக்குப் போய்ப் பார்த்தால், புயலில் பறந்த கூரைக்குப் பதிலாகப் போட்ட தகரத்துக்கு அடியில் ஜிபிஎஸ் ஆன்டெனா ஒளிந்துகொண்டிருந்தது. வானத்தைப் பார்க்காத கருவி தன் சொந்தக் கடிகாரத்தை நம்பி ஓடியிருக்கிறது. தகரத்தைப் போடச் சொன்னவனும் நான்தான்.

ஒரு நல்லது: இரு பக்க நகர்வின் சராசரியை எடுத்தால் கடிகாரம் எவ்வளவு தவறியது என்பதே கிடைத்துவிடும். பழைய பதிவை அப்படியே திருத்திவிட்டேன்.

இரண்டு நிலையத்துக்கு இடையே குறைந்தபட்சத் தூரம் உண்டா?

மூன்று அலைநீளமாவது வேண்டும். வேகம் நொடிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால், கிலோமீட்டரை 12ஆல் வகுங்கள், அத்தனை நொடி அலைவுக்காலம் வரை நம்பலாம். ஐதராபாத், பல்லேகலைக்கு ஏறத்தாழ 95 நொடி. 20 கிலோமீட்டர் ஜோடிக்கு 2 நொடிகூட இல்லை. ஆனால் வண்டல் படிந்த நம் கரையில் வேகம் அதைவிட மிகக் குறைவு. நொடிக்கு 1 கிலோமீட்டர் என்றால் அதே 20 கிலோமீட்டருக்கு 6 நொடிக்குச் சற்று மேல் வரை போகலாம்.

முகடு கிடைத்தது. அடுத்து?

நீண்ட அலை ஆழத்தை உணரும், குறுகிய அலை மேற்பரப்பை. அதனால் ஒவ்வொரு அலைவுக்காலத்துக்கும் வேகம் வேறு. குறுகிய ஃபில்டர்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் அலையின் உறை (வீச்சுகளின் முனைகளைத் தொட்டுச் செல்லும் கோடு) எப்போது உச்சம் தொடுகிறது என்று அளந்தால் வேக வளைகோடு கிடைக்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஆழத்துக்கு ஆழம் வேகம். தோராயமாக, அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கருவிதான் இருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாதா?

எச் பை வி செய்யுங்கள். கிடைமட்ட அதிர்வின் நிறமாலையைச் செங்குத்தின் நிறமாலையால் வகுப்பது. 1989இல் நாகமுரா பரவலாக்கிய முறை. இறுகிய அடிப்பாறைமேல் மெத்தென்ற மண் உட்கார்ந்திருந்தால், அந்த மண் அடுக்கின் இயல்பு அதிர்வெண்ணில் ஒரு கூர்முகடு வரும். குறுக்கலை (ஓடும் திசைக்குக் குறுக்கே ஆட்டும் அலை) வேகத்தை ஆழத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் அந்த அதிர்வெண். உதாரணத்துக்கு, நொடிக்கு 200 மீட்டர் வேகமுள்ள மண் 30 மீட்டர் தடிமன் என்றால் சுமார் 1.7 ஹெர்ட்ஸ்.

கடலூரில் இதற்கு நல்ல இடம் இருக்கிறது. ஆற்றோர வண்டலில் ஒரு மணி நேரம், பிறகு கேப்பர் மலையில் சிவந்த கடலூர் மணற்கல் மேல் ஒரு மணி நேரம். இரண்டு வளைகோட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஐரோப்பிய செசமி குழு 2004இல் கொடுத்த வழிகாட்டுதலில், 1 ஹெர்ட்ஸ் முகட்டுக்கு 10 நிமிடப் பதிவு, 0.5க்கு 20 நிமிடம், 0.2க்கு 30 நிமிடம். நான் எப்போதும் இரட்டிப்பாக எடுப்பேன், நடுவில் யாராவது வந்து "என்ன சார், தண்ணி பார்க்கறீங்களா?" என்று கேட்டு, கருவியைச் சுற்றி நடக்கத்தான் செய்வார்கள்.

முகடு ஊசி மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு மாணவி 24 ஹெர்ட்ஸில் அழகான முகடு கொண்டுவந்தாள். இடம் மாறியும் முகடு மாறவில்லை. இரண்டு இடமும் ஒரே மாவு மில்லுக்குப் பக்கத்தில். மோட்டாரின் பெயர்ப்பலகையில் 1440 ஆர்பிஎம் என்று இருந்தது. 60ஆல் வகுத்தால் 24. மண்ணின் முகடு செங்குத்துத் திசையில் அப்படி எகிறாது. இயந்திரம் மூன்று திசையிலும் ஒரே அதிர்வெண்ணில் குத்தும்.

எந்த மென்பொருள்?

பைத்தான் தெரிந்தால் ஒப்ஸ்பை. தொடர்ந்து ஓடும் ஒப்பீட்டுக்கு எம்எஸ்நாய்ஸ், எச் பை விக்கு ஜியாப்சி. எல்லாம் இலவசம். அதில் முன்கூட்டியே போட்டிருக்கும் எண்கள் வேறு எங்கோ, வேறு கருவிக்கு எழுதியவை. ஒவ்வொன்றையும் ஏன் அந்த எண் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் அதை மாற்றவும் வேண்டாம், அதை வைத்து ஆய்வேடு எழுதவும் வேண்டாம்.

மலிவான ஜியோஃபோன் (சின்ன அதிர்வு உணரி) போதுமா?

எச் பை விக்கும் போக்குவரத்து இரைச்சலுக்கும் போதும். 2020 ஊரடங்கில் உலகம் முழுக்க உயர் அதிர்வெண் இரைச்சல் 50 சதவீதம் வரை குறைந்ததைப் பதிவு செய்ததில் வீடுகளிலும் பள்ளிகளிலும் வைத்த சின்னக் கருவிகளுக்கும் பங்கு உண்டு. 4.5 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் நன்றாக உணரும் ஜியோஃபோனை வைத்துக்கொண்டு 20 நொடி அலையைத் தேடினால் மட்டும் கிடைக்காது, கருவியின் சொந்த முனகல்தான் கேட்கும்.

இதை வைத்து நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? 2001இல் புதுச்சேரிக் கடலில் வந்ததே?

முடியாது. 2001 செப்டம்பர் 25 இரவு வந்த 5.5 அளவு அதிர்வை நானும் உணர்ந்தவன்தான். இந்த முறை அடிநிலம் எப்படிப்பட்டது, ஆட்டினால் எந்த அதிர்வெண்ணில் அதிகம் ஆடும் என்று சொல்லும். எப்போது ஆடும் என்று சொல்லாது.

கருவியை எங்கே வைப்பது?

கடற்கரை மணலில் வேண்டாம், பிடிப்பு இருக்காது. சவுக்குத் தோப்பு நிழலாக இருக்கிறது என்று அங்கே போகாதீர்கள். காற்றடித்தால் ஒவ்வொரு மரமும் வேரோடு தரையைப் பிடித்து ஆட்டும். மாடியும் ஆகாது. தரைத்தளத்தில், வெயில் படாத மூலையில், டைல்ஸை விடக் காரைத் தரையில். மேலே ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு செங்கல். பாட்டி அதன்மேல் வெங்காயக் கூடையை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பதிவில் வெங்காயம் எடுத்த நேரமெல்லாம் தெரிகிறது.